அழுக்கு என்று எழுதிய சிலைட்

புதிய ஆய்வுகூடத்தின் முதலாம் ஆண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமாம். கரண்ட் இல்லாத காலத்தில், மருந்தும் சாயமும் வராத வன்னியில், உண்ணி பரப்பும் பற்றீரியாவை மாட்டிலும் மானிலும் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று அறிய இளம் பிள்ளைகளுக்கு ஆசை. ஆசைப்படட்டும். ஆனால் மலரில் போடுகிற மாதிரியான வீரக் கதை என்னிடம் இல்லை. ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் தங்கள் காலத்தில் மலையைப் புரட்டியதாகத்தான் எழுதுவார்கள். நான் புரட்டியது ஒன்றுமில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கிற ஒரேயொரு கண்ணாடிச் சிலைட்டைப் பற்றி எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் போடுவதா விடுவதா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பயிற்சிக்காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடம் தெற்கே படித்தேன். இரத்தம் எடுக்கவும் சாணம் கரைக்கவும் பழகினேன். தொண்ணூறாம் ஆண்டு மறுபடி சண்டை மூள்வதற்குச் சற்று முன்னர் முள்ளியவளையில் மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஆய்வுகூட உதவியாளராக வந்து சேர்ந்தேன். ஆய்வுகூடம் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு நுணுக்குக்காட்டி. உண்மையாகப் படித்தது அங்கேதான், டொக்டர் குணநாயகத்திடம்.

அவர் அதிகம் பேசாத மனிதர். அடக்கத்தால் அல்ல, மற்றவர்களின் கதையில் அவருக்குச் சலிப்பு. காலையில் "வந்தாச்சோ" என்பார், பின்னேரம் "பூட்டியாச்சோ" என்பார். இடையில் கேட்டால் மட்டும் வாய் திறப்பார், அதுவும் பாதிக் கேள்விக்குத்தான் பதில் வரும். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று முதல் ஆறு மாதத்தில் பலமுறை அழுதிருக்கிறேன். ஆனால் மாட்டின் காதைத் தொட்டுவிட்டால் அவருடைய கை வேறொருவரின் கையாகிவிடும்.

உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் காது நுனியில்தான் குத்த வேண்டும். மயிரை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஊசியால் ஒரு குத்து. முதல் துளியைப் பஞ்சால் ஒற்றி எறிய வேண்டும். இரண்டாவது துளிதான் சிலைட்டுக்கு. இன்னொரு சிலைட்டின் விளிம்பை வைத்து அதை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், நடுவில் யோசித்தால் கோடு விழும். இழுத்ததும் விசிறிக் காயவைக்க வேண்டும். ஒரு ஈ வந்து இருந்தால் போதும், அவ்வளவு பாடும் வீண். பிறகு மெதனோல், பிறகு அரை மணித்தியாலம் சாயம். சாயம் கரைக்கவும் கழுவவும் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, சாயம் திரைந்து புள்ளி புள்ளியாகப் படியும். அதனால் டொக்டர் மாரியில் முற்றத்தில் ஒரு பழைய வேட்டியை நாலு மூலையும் கட்டி மழைத்தண்ணீர் பிடித்துப் போத்தல்களில் அடைத்துவைப்பார். சித்திரை வைகாசிக்கு அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

வெளிச்சமும் வானத்தை நம்பித்தான். நுணுக்குக்காட்டியின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். நேர் வெயில் கண்ணைக் குத்தும் என்பதால் யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டி, அதில் பட்டு வருகிற வெளிச்சத்தில் பார்ப்போம். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரைதான். முகில் மூடினால் வேலை நின்றுவிடும். சிலைட்டில் விட்டுப் பார்க்கும் எண்ணெய் முடிந்தபோது ஆமணக்கெண்ணெய் விட்டுப் பார்த்தோம், சமாளித்தது.

நாங்கள் தேடியது அனாபிளாஸ்மா என்ற பற்றீரியாவை. இரத்தத்தின் செங்குழியத்தில், அதன் ஓரத்தில் கருநீலமாய் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான் அதன் உருவம். பொல்லாத காலத்துக்கு, திரைந்த சாயத்தின் அழுக்கும் அதே மாதிரிப் புள்ளிதான். இரண்டையும் பிரித்தறிய டொக்டர் ஒரு வழி காட்டித்தந்தார். நுணுக்குக்காட்டியின் சின்னத் திருகை மெல்ல அசைக்க வேண்டும். புள்ளி குழியத்தோடு சேர்ந்து தெளிந்து குழியத்தோடு சேர்ந்து மங்கினால் அது கிருமி. குழியம் மங்கிய பிறகும் புள்ளி மட்டும் மேலே மினுங்கிக்கொண்டு நின்றால் அது அழுக்கு.

ஒருநாள் அவர் தந்த சிலைட்டில் கிருமி உண்டென்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் இன்னொன்று தந்தார், அழுக்கு என்று எழுதினேன். இரண்டும் ஒரே சிலைட், இலக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். ஏசவில்லை. நான் எழுதிய இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்துதான் சொன்னார்.

"கண் பிழைவிடுறேல்ல, பிள்ளை. நேற்று உமக்கு ஒரு கிருமியைக் காணவேணும்போல இருந்தது, இண்டைக்கு வேளைக்கு வீட்ட போகவேணும்போல இருந்தது."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

காட்டு மிருகங்களின் இரத்தம் வேட்டைக்காரர் கையால் வந்தது. இறைச்சியைத் தாங்கள் வைத்துக்கொண்டு காதை எங்களுக்குத் தருவார்கள். தேக்கிலையில் பொதிந்த மான் காது, மரைக் காது, பன்றிக் காது என்று அலுவலகத்து யன்னல் கம்பியில் தொங்கும். எறும்பு ஏறமுன்னர் இறக்கி, உண்ணிகளைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டு, காதில் மிஞ்சியிருந்த இரத்தத்தில் சிலைட் போடுவேன். மானிலும் மரையிலும் இடைக்கிடை அந்த ஓரப் புள்ளி கண்ணில் பட்டது. மாட்டில் உள்ள கிருமிதானா அது என்று கண்ணால் சொல்ல முடியாது, கண்டதை மட்டும் எழுது என்பார் டொக்டர். இன்றைக்கு உங்கள் இயந்திரம் அதைச் சொல்லிவிடுகிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பட்டி மாடுகளிலும் புள்ளி இருந்தது. நல்ல சுகமாக மேய்கிற மாடுகள். ஏன் இவை சாகவில்லை என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்கு என்ன நல்ல மனமோ, முழுக் கேள்விக்கும் பதில் சொன்னார். இந்தக் காட்டில் பிறக்கிற கன்றுக்குட்டி பால்குடி வயதிலேயே உண்ணிக் கடி வாங்கி, நோய் வந்தது தெரியாமலே மாறி, கிருமியோடு சீவிக்கப் பழகிவிடுகிறது. வேறெங்கோ உண்ணி படாமல் வளர்ந்த பசு இங்கே வந்தால் அதற்கு இந்தக் காடு நஞ்சு. இதை என் கொப்பியில் எழுதி, சிவப்பு மையால் அடியில் கோடும் போட்டேன்.

தொண்ணூற்றைந்தில் டொக்டருக்குச் சிறுநீரகத்தில் வருத்தம். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் செத்த செய்தி இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது. அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சிலைட் பார்க்கிறதும் ஊசி போடுகிறதும் கையெழுத்து வைக்கிறதும் நானே என்று ஆகிவிட்டது. சனம் என்னை டொக்டர் மிஸ் என்று கூப்பிடத் தொடங்கியது. நான் அதைத் திருத்தவில்லை.

சண்டையில் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்துச் சனம் நீரேரியைப் படகில் கடந்து வன்னிக்குள் வந்து நிறைந்தது அந்தக் காலத்தில்தான். சனத்தோடு சில மாடுகளும் வந்தன. கலப்பினப் பசுக்கள். கொட்டிலில் கட்டி, புல்லு வெட்டிப் போட்டு, பிண்ணாக்குக் கரைத்து வளர்த்தவை. எங்களுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களிடம் அப்படி ஏழு மாடு இருந்தது. அதில் ராணி என்ற செம்மாடு மகேஸ்வரி என்ற பெண்ணுடையது. அவளுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண்குழந்தை. வந்த அலைச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கடையில் பால்மா இல்லை. ராணியின் பாலில்தான் அந்தக் குழந்தையும் அதே பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த வேறு மூன்று குழந்தைகளும் உயிர் தரித்தன.

பள்ளிக்கூட வளவில் மாட்டுக்கு என்ன இருக்கிறது? பூவரசங்குழையும் தீர்ந்துபோனது. ராணிக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது, பால் நாளுக்கு நாள் குறைந்தது. அப்போதுதான் எனக்கு அந்த நல்ல யோசனை வந்தது. ஒட்டுசுட்டான் பக்கக் காட்டோரத்தில் சின்னராசா என்பவரின் பட்டி இருந்தது. புல்லுக்குக் குறைவில்லை. ஏழு மாட்டையும் அங்கே விட்டால் சனம் சைக்கிளில் போய்க் காலையில் கறந்துகொண்டு வரலாம்.

சின்னராசா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துப் பட்டிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளி மாட்டைக் கன்றாகக் கொண்டுவந்தால் பட்டியில் சேர்ப்பார்கள், வளர்ந்த பசுவாகக் கொண்டுவந்தால் சேர்க்கமாட்டார்கள்.

"கண்டுக்குட்டி எண்டா இப்பவே விடுங்கோ மிஸ். வளந்த பசுவைக் காடு ஏற்காது. அப்பு காலத்திலயிருந்து அப்பிடித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைகள் பாலுக்கு அழுகிற நேரத்தில் காட்டுக்கதை கதைக்கிறீர்களா என்று ஏசினேன். படித்தவள் நான் சொல்கிறேன், காடு ஏற்பதுமில்லை, ஏற்காமல் விடுவதுமில்லை என்றேன். மகேஸ்வரியும் தயங்கினாள். ராணி கட்டையில் நின்று பழகியது, பட்டியில் நிற்காது என்றாள். நான் பொறுப்பு என்று அவளுக்குச் சொன்னேன். அடுத்த நாளே ஏழு மாடும் சின்னராசாவின் பட்டிக்குப் போயின.

சின்னராசா சொன்னதும் என் கொப்பியில் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்ததும் ஒரே விஷயம். அந்தக் கொப்பி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. காதுகள் வந்து தொங்கிய காலத்தில் அது பாடமாக இருந்தது. மண்டபத்தில் குழந்தை அழுதபோது அந்தப் பாடம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள், அதில் தலை கொஞ்சம் பெருத்தும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் மூன்று கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. ராணி தேறியது, பால் கூடியது. மகேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து அதன் கன்னத்தைக் காட்டினாள்.

வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ராணி புல்லுக் கடிக்கவில்லை என்று சின்னராசா சைக்கிளில் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். காது கொதித்தது. மூக்கு காய்ந்திருந்தது. பல்முரசு வெளிறி, சாணம் இறுகிக் கறுத்திருந்தது. மூத்திரத்தில் இரத்தம் இல்லை. காது நுனியில் குத்தி சிலைட் போட்டேன். அலுமாரியில் உண்ணிக் காய்ச்சலுக்கான ரெற்றாசைக்கிளின் மருந்து இரண்டு போத்தல் இருந்தது. கிருமியைக் கண்ணால் காணாமல் அதைத் தொடக்கூடாது என்பது டொக்டர் வைத்துவிட்டுப் போன சட்டம். மருந்து கிடைக்காத இடத்தில் அது நியாயமான சட்டம்தான்.

மறுநாள் காலை சிலைட்டை வைத்தேன். கடைசிச் சாயம், சீலையில் மூன்று தரம் வடித்தது. கடைசிப் போத்தல் மழைத்தண்ணீர். கண்ணாடியைத் திருப்பினேன், முகில் வந்து வந்து போனது. புள்ளிகள் இருந்தன. குழியங்களின் ஓரத்தில் இருந்தன. திருகை அசைத்தேன். சிலது குழியத்தோடு மங்கினதுபோலவும் இருந்தது, சிலது மேலே நின்றதுபோலவும் இருந்தது. நான் ஒரு தரம்தான் அசைத்தேன். இது அனாபிளாஸ்மா என்றால் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். பட்டியிலிருந்து என்றால், பட்டியில் கொண்டுபோய் விட்டது ஆர் என்று வரும். இன்னும் ஆறு மாடு அதே பட்டியில் நின்றது. சாயம் பழசு, திரைந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று அன்றைக்கு என்னைக் கேட்க டொக்டர் இல்லை. ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கத்தையும் "அழுக்கு" என்ற சொல்லையும் எழுதி, சிலைட்டை அதில் சுற்றி வைத்தேன். மருந்துப் போத்தல் அலுமாரியிலேயே இருந்தது.

வெயில் காய்ச்சல்தான், இரண்டு நாளில் மாறும் என்று மகேஸ்வரிக்குச் சொன்னேன். அவள் ராணிக்காக வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துக் குழந்தையோடு நடந்து போனாள்.

பொங்கலுக்கு அடுத்த நாள் சின்னராசா மறுபடி வந்தார். கண் மஞ்சளாகிவிட்டது என்றார். இந்த முறை மருந்தையும் கொண்டு ஓடினேன். ராணி படுத்திருந்தது. மூச்சு வாங்கியது. காதில் குத்தினால் இரத்தம் சிவப்பாக வரவில்லை, வெளிறிய தேத்தண்ணி மாதிரி வந்தது. அதில் ஒரு சிலைட் இழுத்துவிட்டு ஊசி போட்டேன். மகேஸ்வரியின் புருஷன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பொழுதுபட முன்னர் செத்துவிட்டது. அடுத்த நாள், சாயத்தின் அடிமிச்சத்தில் அந்த இரண்டாவது சிலைட்டைப் பார்த்தபோது திருகை அசைக்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. மிச்ச மருந்து இரண்டு மாட்டுக்குத்தான் காணும். எந்த இரண்டு என்று நான்தான் முடிவுசெய்தேன், மற்ற நாலு வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த இரண்டும் தப்பின. நாலும் செத்தன. குழி வெட்டி முடிந்த அன்று சின்னராசா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்கள் சொன்னபடியாத்தான் மிஸ் நான் சேர்த்தனான்."

மகேஸ்வரி ஒரு கடிதம் கேட்டு வந்தாள். மாடு செத்துவிட்டது, குழந்தைக்குப் பால் இல்லை என்று அரசாங்கக் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால் நிவாரணத்தில் பால்மா கேட்கலாமாம். எழுதிக் கொடுத்தேன். நோய் உண்ணிக் காய்ச்சல், நோய் வந்த வழி தெரியவில்லை என்று எழுதினேன். அவள் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"எங்களுக்காக எவ்வளவு ஓடித்திரிஞ்சனீங்கள் மிஸ். நாங்கள் மறக்கமாட்டம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுடைய தோளில் கிடந்த குழந்தை அழவும் இல்லை, சத்தமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சனத்தை மல்லாவிப் பக்கம் மாற்றினார்கள். பால்மா கிடைத்ததா, குழந்தை தப்பியதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன். இருந்தால் இப்போது அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதாகப்போகிறது. இருந்தால்.

எங்களுக்கு சிலைட் தட்டுப்பாடு. பார்த்து முடிந்ததைச் சாம்பல் போட்டுக் கழுவி மறுபடி பாவிப்போம். ராணியின் முதல் சிலைட்டை மட்டும் நான் கழுவவில்லை. இரண்டாயிரத்தொன்றில் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்து வந்தபோதும் அதே கடதாசியில் சுற்றி தகர ரின் ஒன்றுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். சோதனைச்சாவடியில் அதை அவிழ்த்துப் பார்த்த ஆமிக்காரன் இது என்னவென்று கேட்டான். மாட்டு இரத்தம் என்றேன். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தான். வவுனியாவில் மின்குமிழ் வைத்த நுணுக்குக்காட்டி என் மேசையிலேயே இருந்தது. ஓய்வுபெறும்வரை எத்தனை ஆயிரம் சிலைட் அதில் வைத்திருப்பேன். இதை வைக்கவில்லை. சாயம் பழசு, அதனால் தெரியாமல் போனது என்ற ஒரு பிடிமானத்தில் இத்தனை வருடம் நித்திரை கொண்டவள் நான். அதையும் இழக்க மனம் வரவில்லை.

போன வருடம் புதிய கூடத்தின் திறப்பு விழாவுக்குப் பழைய சிலைட் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார் உங்கள் இளம் டொக்டர். ஏன் கொண்டுபோனேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மங்கிப்போச்சு, ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாகலாம் என்று நினைத்திருப்பேன். அவர் எண்ணெய் விட்டார், குனிந்தார், திருகை இரண்டு தரம் அசைத்தார். அவ்வளவு நேரம்கூட எடுக்கவில்லை.

"இஞ்ச எல்லாரும் வந்து பாருங்கோ. அனாபிளாஸ்மா. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அந்தக் காலத்தில எப்பிடி மிஸ் இவ்வளவு வடிவாச் சாயம் போட்டனீங்கள்?"

பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். அதற்கு முதல் மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்கூட ஓரப் புள்ளியை உடனே கண்டுகொண்டாள். சிலைட் சுற்றியிருந்த கடதாசி அவளுடைய கையில் இருந்தது. அதைப் பிரித்து வாசித்தாள்.

"மிஸ், இதில அழுக்கு எண்டு கிடக்கு. இது வேற சிலைட்டின்ர கடதாசியோ?"

"ஓம் பிள்ளை, மாறி வந்திட்டுது" என்றேன்.

அவள் அதைக் கசக்கிக் குப்பை வாளிக்குள் போட்டாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபடியால் எழுதுகிறேன். கடதாசி மாறவில்லை. அது ராணியின் சிலைட்டோடு இருந்த கடதாசிதான், அந்த எழுத்தும் என்னுடையதுதான்.